நேரமில்லை என்பது சாக்கா? ஒயர் கூடையில் ஆரம்பித்த வம்பு

அழகாபுரத்தான்:
நேற்று பக்கத்து வீட்டுக்காரர் என் கூடையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நேரம் இருக்கு, பின்றீங்க, எங்களுக்கு ஏது" என்றார். சொன்னவர் அரை மணி நேரமாகத் திண்ணையில் உட்கார்ந்து போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கும் தினசரி வேலைதான், அதுவும் சேலம் ஜங்ஷனில் ஏறி ஈரோடு போய் வருகிறேன், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். போன ஆடியில் ஒயர் கூடை பின்ன ஆரம்பித்தேன். முதல் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும், இப்போதும் அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம். இது ஒன்பதாவது, நெல்லிக்காய் முடிச்சு. ராத்திரி சாப்பிட்டதும் ஒன்பதரையிலிருந்து பத்து வரை பின்னுவேன், அவ்வளவுதான். நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

நாலு மணி அலாரம்:
நான் மறுக்கிறேன். "ராத்திரி சாப்பிட்டதும்" என்று ஒரே தாவாகத் தாவிவிட்டீர்களே அண்ணா, அந்தத் தட்டை யார் கழுவினார்கள்? நீங்கள் கூடையை எடுக்கும் ஒன்பதரைக்கு நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் மாவு வழித்து வைக்க வேண்டும், பையனின் யூனிபார்மைத் தேய்க்க வேண்டும், அவன் நாளைக்கு சார்ட் பேப்பர் வேண்டும் என்பதை அப்போதுதான் சொல்வான். குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஆசைப்பட்டு ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை, கற்றுக்கொண்டேன். ஒரு ஜாக்கெட்டின் கழுத்து பாதியில் நிற்கிறது, மரச்சட்டம் பரண்மேல். சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டவே இருபது நிமிஷம் ஆகும். துணிக்கு மேலே ஒரு கையில் ஊசி, கீழே ஒரு கையில் நூல், பால் பொங்கினால் போட்டது போட்டபடி எழுந்து ஓட முடியாது. எனக்கும் ஒரு நாளில் அரை மணி கிடைக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது அஞ்சு அஞ்சு நிமிஷமாகக் கிடைக்கிறது. அதைச் சேர்த்துத் தைக்க எந்த ஊசியும் இல்லை.

அழகாபுரத்தான்:
தட்டு எங்கள் அம்மா பார்த்துக்கொள்வார்கள். அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கிறதென்றால் குரோஷா, அந்த ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலை, எடுங்களேன்? ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி, அதில் ஒரு ஊக்கை மாட்டிப் பையில் போட்டால் பிரியாது, அடுத்த நாள் விட்ட இடத்திலேயே தொடரலாம். என்னோடு ரயிலில் வரும் ஒரு அக்கா சங்ககிரி தாண்டுவதற்குள் நாலு வரிசை போட்டுவிடுவார்.

நாலு மணி அலாரம்:
எனக்குப் பிடித்தது ஆரி. பிடித்ததைச் செய்ய நேரமில்லை என்றால், நேரத்துக்குத் தகுந்த மாதிரி வேறொன்றைப் பிடிக்கச் சொல்கிறீர்கள். "அம்மா பார்த்துக்கொள்வார்கள்" என்ற வரியை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பி ஷிப்ட்:
ரெண்டு டூ பத்து முடித்து வீடு வந்தால் பதினொன்று. அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட். தினமும் ஒன்பதரை என்கிற கதையெல்லாம் எங்களுக்கு ஆகாது சார். ரீல்ஸ் பார்க்கிறவனையும் ரொம்பத் திட்டாதீர்கள், எட்டு மணி நேரம் சூட்டில் நின்றுவிட்டு வருகிறவனுக்குக் கையை அசைக்காமல் கிடப்பதே பெரிய பொழுதுபோக்கு.

தறிவீட்டுப் பிள்ளை:
நான் சேலம் அம்மாபேட்டை, நெசவுக்காரர்கள் பகுதி. ஓய்வாக இருக்கும்போது கைவேலை செய்தால் மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் எனக்கு எங்கள் அப்பாவின் முழங்கால்தான் ஞாபகம் வருகிறது. குழித்தறியில் காலை இறக்கி வெண்பட்டு வேட்டி நெய்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் விளையாடப் போக முடியாது, அம்மாவோடு உட்கார்ந்து தார் சுற்ற வேண்டும், அதாவது தறிக்கு வேண்டிய ஊடு நூலைச் சின்னக் குச்சியில் சுற்ற வேண்டும். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் தறிக்கு நேரம் ஒதுக்கியதில்லை, தறி போக மிச்சமிருந்த நேரத்தில்தான் சாப்பாடு, தூக்கம், கல்யாணம் காட்சி எல்லாம். கூலிக்குக் கொலுசு மணி கோக்கிற பெண்களிடம் போய் இது நல்ல ஹாபி என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் கிடைக்கிறதென்று பார்ப்போம். நான் இப்போது கணினி வேலை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சும்மாதான் இருக்கிறேன். கையால் ஒன்றும் செய்வதில்லை. நேரமில்லாமல் இல்லை, ஆசை இல்லை.

வாழவந்தி மழை:
எல்லோரும் தினமும் தினமும் என்றே பேசுகிறீர்களே, ஏன்? ஏற்காட்டில் நவம்பரில் காபிப் பழம் பறிக்க ஆரம்பித்தால் பொங்கல் தாண்டும் வரை நான் பின்னல் ஊசியைத் தொடுவதில்லை, தொடவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் கிடையாது. மழை பிடித்து, மரம் விழுந்து, ரெண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும் பாருங்கள், அப்போது ஒரு ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் முழுசாக முடிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு ஸ்வெட்டர். எங்கள் மலையில் அதற்கு மேல் தேவையும் இல்லை.

அழகாபுரத்தான்:
அது மலை, இது ஊர் அக்கா, இங்கே மழைக்கெல்லாம் லீவு கிடையாது. தட்டு விஷயம் உறைத்தது, ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு நானே கழுவினேன், அம்மா ஒரு மாதிரி பார்த்தார்கள். முடித்து நிமிரும்போது மணி பத்தாகிவிட்டது, கூடையில் அரை வரிசைகூட ஏறவில்லை. ஆனாலும் சாக்கு என்று சொன்னதை முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன். அந்தத் திண்ணைக்காரர் சொன்னது சாக்கேதான்.

நாலு மணி அலாரம்:
அவரை எனக்கும் தெரியும், அவர் சொன்னது சாக்குதான், அதில் சண்டையில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டத்தைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் குழம்பு, வெங்காயம் உரிப்பது முதல் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. முதல் இருபது நிமிஷம் எப்படியும் துணி கட்டுவதில் போய்விடும்.

தறிவீட்டுப் பிள்ளை:
அக்கா, கட்டின துணியை ஏன் ஒவ்வொரு தடவையும் அவிழ்க்கிறீர்கள்? கட்டியபடியே விட்டுவிடுங்கள், பழைய சேலையால் மூடிச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றிவிட்டால் தறிப் பக்கம் குழந்தைகளை அண்டவே விட மாட்டார்கள், அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலேயே ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும்.

நாலு மணி அலாரம்:
சுவரோரமா? எங்கள் வீட்டில் காலியாக ஒரு சுவர் இருந்தால்தானே, எல்லாப் பக்கமும் பீரோ. கட்டிலுக்கு அடியில் தள்ளலாமா?

தறிவீட்டுப் பிள்ளை:
துணி தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் உள்ளே போகவில்லை என்றால் கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல்.