அரசியல் பாட்டு முழக்கமாக மாறாமல் எழுதுவது எப்படி?

மாடியறைக் கிடார்:
நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ராக் பாடல்கள் எழுதுகிறோம். காதல் என்றால் வரிகள் தாமாக வருகின்றன. எங்கள் ஊர் ஏரி மனைகளாகி விற்பனையாவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மேடைப் பேச்சுதான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் மிட்நைட் ஆயில் குழு பாடிய ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’கும் நிலத்தைப் பற்றியதுதான். அதைக் கேட்டால் கால் தாளம் போடுகிறது, நெஞ்சும் கனக்கிறது. எப்படி எழுதினார்கள்?

சிட்னி செம்மண்:
முதலில் போய்ப் பார்த்தார்கள். 1986இல், மத்திய ஆஸ்திரேலியாவில் பழங்குடியினர் வாழும் பாப்புன்யாவில் உருவான வாரம்பி பேண்ட் என்ற இசைக்குழுவோடு சேர்ந்து பாலைவனக் குடியிருப்புகள் வழியே வாசித்துக்கொண்டே போனார்கள். பின்டுபி என்ற பழங்குடி மக்கள் 1950, 60களில் தங்கள் மண்ணிலிருந்து பாப்புன்யாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். 1981இல் தங்கள் மண்ணிலுள்ள கின்டோருக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அந்த மண்தான் பாட்டில் இருக்கிறது. 1987இல் ‘டீசல் அண்ட் டஸ்ட்’ ஆல்பத்தில் அந்தப் பாட்டு வெளிவந்தது.

முதல் சரணத்தைக் கவனியுங்கள். அநீதி, அரசு என்ற பேச்சே கிடையாது. ஆறு, இரண்டு வகைப் பாலைவன மரங்கள், உடைந்து கிடக்கும் ஹோல்டன் கார்கள், 45 டிகிரி வெயிலில் கொதிக்கும் டீசல் வண்டிகள். அடுத்த சரணத்தில் கின்டோர், யுவெண்டமு என்று ஊர்ப் பெயர்களே வந்துவிடுகின்றன. கடற்கரை நகரங்களில் பலர் எட்டிக்கூடப் பார்க்காத ஊர்கள் அவை! இவ்வளவும் கண்ணில் பட்ட பிறகுதான் கோரிக்கை வருகிறது. அதையும் கொடுக்க வேண்டிய வாடகையைக் கொடு என்கிற அளவுக்கு எளிமையாகச் சொல்கிறார்கள்: இது அவர்களுடையது, திருப்பிக் கொடுப்போம். பல்லவியோ முழுவதும் கேள்வி. படுக்கை எரியும்போது நாம் எப்படித் தூங்குகிறோம்?

இசையையும் அதற்கேற்ப அடக்கினார்கள். தொடக்கத்தில் ஊதுகருவிகளின் மூன்று சுரங்கள். பிறகு பேஸும் டிரம்ஸும் சீராக நடக்க, பாடகர் பீட்டர் காரெட் ஏறக்குறையப் பேசுகிறார். சொல் காதில் விழ இடம் விட்டிருக்கிறார்கள். கிடார்காரரான உங்களுக்கு இது கசக்கலாம், ஆனால் சரணத்தில் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

வடக்குத் தெரு:
எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பழங்குடியினர் பட்ட துயரை வெள்ளையர் குழு பாடியதும் அமெரிக்கா வரை போனது. வாரம்பி பேண்ட் 1983இலேயே ‘ஜைலங்குரு பகர்னு’ என்று லுரிட்ஜா என்ற பழங்குடி மொழியில் ராக் பாட்டு வெளியிட்டது. அதை எத்தனை பேர் கேட்டோம்?

சிட்னி செம்மண்:
நியாயமான வருத்தம். அதையும் தேடிக் கேளுங்கள். மிட்நைட் ஆயிலின் ‘தி டெட் ஹார்ட்’ பாட்டில் பழங்குடியினரே பேசுவதுபோல வரிகள் இருக்கின்றன. அது எனக்கும் உறுத்துகிறது. ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’ அப்படி வேடம் கட்டவில்லை. நிலத்தைப் பறித்த சமூகத்தின் பிள்ளைகள் தங்கள் சமூகத்தையே பார்த்துக் கேட்கிறார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில், ‘மன்னிக்கவும்’ என்று எழுதிய கறுப்பு உடையோடு இதையே பாடினார்கள். பழங்குடியினரிடம் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்துவந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் அன்று அரங்கில் இருந்தார். 2008 பிப்ரவரியில் அடுத்த பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது காரெட் அமைச்சராக இருந்தார். பாட்டால்தான் அது நடந்தது என்று சொல்லமாட்டேன். பல தலைமுறைப் பழங்குடியினரின் போராட்டம் அது.

மாடியறைக் கிடார்:
அப்படியானால் எங்கள் பாட்டில் பேசுவது யார்? எங்களில் இருவரின் வீடு அந்த ஏரிக்குள்தான் இருக்கிறது.

சிட்னி செம்மண்:
அவர்கள் இருவரும்தான் பாட வேண்டும். ஏரிக்குள் வீடு கட்டிக் குடியிருப்பவர் கேட்கும் கேள்வியாகப் பல்லவியை எழுதுங்கள். அதற்கு முன் ஏரியின் பழைய ஆயக்கட்டுக்காரர்களிடம் போய் மதகுகளின் பெயர்களைக் கேட்டு வாருங்கள். முதல் சரணம் அங்கேதான் கிடைக்கும்.