திரவக் குளிர்விப்பு விதிகள்: நீர் வரம்பு பற்றி ஒரு தகவல் தேவை

அனைவருக்கும் வணக்கம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் திரவக் குளிர்விப்பை அரசுகள் எவ்வாறு நெறிப்படுத்துகின்றன என்று ஒரு குறிப்பு எழுதி வருகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

2026 ஜூலை முதல் இயங்கத் தொடங்கும் மையங்களில், மொத்த மின்சாரத்துக்கும் கணினிகள் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்துக்குமான விகிதம் 1.2ஐத் தாண்டக் கூடாது என்று ஜெர்மனியின் 2023ஆம் ஆண்டு எரிசக்தித் திறன் சட்டம் நிர்ணயித்தது. ஒரே ரேக் (கணினிகளை அடுக்கிய அலமாரி) 120 கிலோவாட் அளவுக்கு இழுக்கும் இன்றைய நிலையில், கணினிச் சில்லின் மேல் பொருத்திய செப்புத் தகட்டுக்குள் நீரும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளும் கலந்த திரவத்தை ஓடவிடும் முறையை நோக்கியே இத்தகைய விதி மறைமுகமாகத் தள்ளுகிறது. அது மூடிய சுற்று; அதே திரவமே திரும்பத் திரும்ப ஓடும். அதில் நீர் ஏறக்குறைய செலவாவதே இல்லை. ஆனால் கட்டடத்துக்கு வெளியே வெப்பத்தைக் கழிக்கும் கோபுரத்தில் நீர் ஆவியாகுமானால், மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததை நீரில் இழக்கிறோம். (இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாத விளம்பரக் கையேடுகளைப் படித்துச் சலித்துவிட்டது.) 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள மையங்கள் நீர்ப் பயன்பாட்டையும் அறிவிக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம், அறிவிப்பது வேறு, வரம்பு வேறு.

ஆவியாகும் நீருக்கு வரம்பு வைத்து, அதையே கட்டுமான உரிமத்தின் நிபந்தனையாக்கிய அரசாணை எதையேனும் அறிந்தவர்கள், ஆவணத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். செய்தித் துணுக்குகள் வேண்டாம். மூல ஆவணமே தேவை.