புதுப்பிப்பு: சிபில் குறைவு, பழைய கார், கடன்

சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 600-க்குக் கீழே இருக்கிறது, கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்வர கடனில் பழைய கார் எடுக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். எடுத்தாச்சு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதல்ல ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க தம்பி" என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான். வருஷத்துக்கு ஒருமுறை முழு சிபில் ரிப்போர்ட் இலவசம். பார்த்தால், எப்போதோ கட்டி முடித்த பைக் கடன் இன்னும் பாக்கி என்றே கிடக்கிறது. கடன் முடித்த கடிதத்தை இணைத்து ஆன்லைனில் புகார் போட்டேன், திருத்தினார்கள் (30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தரவேண்டும், ரிசர்வ் வங்கி விதி). ஸ்கோர் ஏறியது, பிரமாதமாக இல்லை. அதனால் பாதிக்கு மேல் கையிலிருந்து போட்டு மிச்சத்துக்கு மட்டும் கடன்.

புரோக்கர் காட்டிய இடத்தில் 12 சதவீதம்தான் என்றார்கள். அது ஃப்ளாட் வட்டி, அதாவது அசல் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி. மூன்று வருஷத்துக்கு, குறையும் அசலில் கணக்குப் போட்டால் சுமார் 21 சதவீதம் வருகிறது. கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

எதிர்பாராதது இரண்டு. மண்டபம் பக்கம் பார்த்த வண்டி மேலே பளபள, லிஃப்டில் தூக்கினால் அடிப்பக்கமெல்லாம் உப்புக்காற்றுத் துரு. நம் பக்கத்து வண்டி என்றால் அடியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்புறம், கடைசியில் வாங்கிய மதுரை வண்டியின் ஆர்சியில் பழைய ஹைப்போதிகேஷன் (கடன் கொடுத்த வங்கிக்கு வண்டி ஈடு என்ற பதிவு) நீங்கவே இல்லை. விற்றவர் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்), அந்தப் பதிவை நீக்கக் கேட்கும் படிவம் 35-ம் கொடுத்து நீக்கிய பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன்.