"சில சமயம்" என்ற ஒரு சொல்லால் போன ஒன்றரை வருஷம்

முதல் பதிவு: கான்வாய்க்காரன், டெக்சாஸ்

நேரில் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நம்மவர்களில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கைதான்.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். எம்.எஸ். படிக்க ஸ்டூடண்ட் விசாவில் வந்தவன். 2009-இல் மாவ்னி என்று ஒரு திட்டம் வந்தது. ராணுவத்துக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் சேரலாம், சேர்ந்தால் குடியுரிமை. 2016-இல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தமிழ் தெரியும் என்று எடுத்துக்கொண்ட ராணுவத்தில் நான் தமிழ் பேசியது அம்மாவோடு போனில் மட்டும்தான். ஆப்கானிஸ்தானில் எனக்குக் கிடைத்தது சப்ளை லாரி.

அங்கே நடந்ததை விட்டுவிடுகிறேன். திரும்பி வந்தபின் பி.டி.எஸ்.டி.க்கு (போர் அதிர்ச்சியால் வரும் மன பாதிப்பு) 50 சதவீத ஊனம் என்று முன்னாள் படைவீரர் துறையில் மதிப்புப் போட்டு மாதப் பணம் கொடுத்தார்கள், செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, கோபம் குறைந்தது. இன்னொன்றும் குறைந்தது.

அதற்குத் தமிழில் நான் அறிந்த ஒரே சொல் ஊர்ச் சுவரில் படித்தது: ஆண்மைக்குறைவு. மாதாமாதம் பஸ் ஸ்டாண்ட் எதிர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார், இன்ன தேதியில் சந்திக்கலாம் என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். சின்ன வயதில் அந்தச் சுவரைக் கடக்கும்போது சிரிப்போம். முப்பத்தெட்டு வயதில் அரசாங்கப் படிவத்தில் அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சுவர்தான் கண்முன் நின்றது.

2022 மார்ச்சில் இதற்கும் அதே துறையில் கோரிக்கை போட்டேன், பி.டி.எஸ்.டி.யின் துணை விளைவு என்று. ஜூலையில் பரிசோதனை. ஒரு கடைவரிசையின் கோடியில் சின்ன அறை, கட்டிலில் விரித்த காகிதம் உட்கார்ந்தால் சரசரக்கும். பரிசோதகர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்: "மருந்து இல்லாமல் உறவுக்குப் போதுமான விறைப்பு வருகிறதா?"

"சில சமயம்" என்றேன்.

அந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் நம்மை "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் "ஏதோ ஓடுது" என்போமே, அந்தப் பழக்கம். பத்து நிமிஷத்தில் முடிந்தது. செர்ட்ராலினைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபரில் நிராகரிப்பு. காரணம் வயது, எடை, ரத்த அழுத்தமாம். "சில சமயம் முடிகிறது என்று கோரிக்கையாளரே கூறுகிறார்" என்று ஒரு வரியும் இருந்தது. கடிதத்தைக் கார் டாஷ்போர்டுக்குள் போட்டுப் பூட்டி, ஏழெட்டு மாதம் அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு பக்கத்து கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), கோரிக்கை போட உதவும் படைவீரர் சேவை அலுவலர் ஒருவரைப் பார்த்தேன். முன்னாள் மரைன், எழுபதைத் தாண்டியவர், காசு வாங்காதவர். என் மருத்துவக் கோப்பை அச்செடுத்து வரச் சொன்னார். மருந்துப் பட்டியலை இடப்பக்கமும் டாக்டர் குறிப்புகளை வலப்பக்கமும் வைத்து, தேதிக்குத் தேதி ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். 2018 நவம்பரில் மாத்திரை 50 மில்லிகிராமிலிருந்து 150 ஆனது. 2019 ஜனவரிக் குறிப்பில் ஒரு வரி: மருந்தின் அளவைக் கூட்டிய பிறகு விறைப்பில் குறைவு என நோயாளி கூறுகிறார். நான் சொன்னதுதான். சொன்னதையே மறந்திருந்தேன். நாலு வருஷமாக அந்த வரி கோப்பில்தான் இருந்தது.

அதைக் காட்டி யூராலஜி டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். இங்கே டாக்டர் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. "இதனால் வந்திருக்கக் குறைந்தபட்சம் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு" என்று காரணத்தோடு எழுதினால் போதும். தராசு சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்பது சட்டம். செர்ட்ராலின் வகை மாத்திரைக்கு இப்படி ஒரு பக்கவிளைவு உண்டு என்பது எந்த டாக்டருக்கும் தெரிந்ததுதான். கேட்டால் எழுதுவார்கள்.

இன்னொரு காகிதம் மனைவி எழுதியது. படிவம் 21-10210, கூட இருப்பவர்கள் சாட்சி எழுதுவது. பிள்ளை தூங்கியபின் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். "ஏங்க, இதை யார் யாரெல்லாம் படிப்பாங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எழுதியது நாலே வரி. அதில் ஒன்று: "முதுகு வலி என்று சோபாவில் படுக்க ஆரம்பித்தார். முதுகு வலிதான் என்று நானும் இருந்துவிட்டேன்." கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம் "அடுத்தது எப்போ" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வந்தவளும் அவள்தான்.

2023 ஆகஸ்டில், புது ஆதாரம் காட்டி மறுபடி கேட்கும் 20-0995 படிவத்தோடு எல்லாவற்றையும் அனுப்பினேன். நிராகரித்து ஒரு வருஷத்துக்குள் போட்டதால் முதல் கோரிக்கையின் தேதி கைவிட்டுப் போகவில்லை. 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. முதல் பக்கத்தில் "0 சதவீதம்". மறுபடி தோற்றோம் என்று மடித்து வைக்கப் போனேன். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம்: ஏற்றுக்கொண்டார்கள், கூடவே எஸ்.எம்.சி.-கே என்ற தனிப்படி. பின்தேதியிட்டு 2022-க்கு மாதம் 118.33 டாலர், 2023-க்கு 128.62 என்று கணக்குப் போட்டு வந்தது.

பெரிய தொகை இல்லை. ஆனால் "இது பணியினால் வந்தது" என்று அச்சில் இருக்கிறது.

பதில்: கவுண்டி அலுவலகத்தில் வேலை செய்பவள், கலிஃபோர்னியா

அண்ணா, அந்த 0-வைப் பார்த்துக் கடிதத்தைத் தூக்கிப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். முன்பு உறுப்பில் உருக்குலைவும் சேர்ந்திருந்தால் 20 சதவீதம் உண்டு. 2021 நவம்பர் 14 முதல் உருக்குலைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 0 தான். பணம் வருவது "இனப்பெருக்க உறுப்பின் பயன் இழப்பு" என்ற தனிக் கணக்கிலிருந்து. அது மற்ற சதவீதங்களோடு சேர்த்துப் பிசையப்படாது, மேலே தனியாக வரும். 2025-இல் 136.06 டாலர்.

என்னிடம் வந்த ஒரு தாத்தாவின் கதை. வியட்நாம் போனவர், வெள்ளைக்காரர், பேர் வேண்டாம். ஏஜென்ட் ஆரஞ்சு (அந்தப் போரில் காட்டை அழிக்கத் தெளித்த மருந்து) பட்டவர்களுக்கு டைப் 2 சர்க்கரை வந்தால் பணியினால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், 2001-இலிருந்து. அது அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் விறைப்புப் பிரச்சினை சர்க்கரை கண்டுபிடிப்பதற்கு மூணு வருஷம் முன்பே கோப்பில் இருந்தது. "முந்தி வந்தது பிந்தி வந்ததன் விளைவாக முடியாது" என்று பரிசோதகர் எழுதிவிட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பாதிக் கேள்விக்குத்தான் அது பதில். சர்க்கரை அதை உண்டாக்கவில்லை, சரி. முற்றவைத்ததா? 1995-இல் ஆலன் எதிர் பிரவுன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது இதைத்தான், பிறகு விதியிலும் ஏறியது.

மேல்முறையீட்டு வாரியத்துக்கு 10182 படிவத்தில் போட்டோம். இந்த ஒரே ஓட்டையைத்தான் சுட்டினோம். வாரியம் திருப்பி அனுப்பி, புதுப் பரிசோதனையில் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது. சர்க்கரை ஏற ஏற அவருடைய விறைப்பு மாத்திரையின் அளவும் ஏறியதை இரண்டாவது டாக்டர் பார்த்தார். கிடைத்தது. தாத்தா சாக்லேட் பெட்டியோடு வந்தார். சர்க்கரைக்காரர் வாங்கி வந்த சாக்லேட்!

நிராகரிப்புக் கடிதம் வந்தால் முதலில் "முற்றவைத்தல்" பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

பதில்: ஃபோர்ட் ஜாக்சன் 2010

நான் போனது உயர்நிலை மறுஆய்வு, 20-0996. பழைய கோப்பையே மூத்த அதிகாரி ஒருவர் மறுபடி பார்ப்பது. அதில் புது ஆதாரம் எதுவும் சேர்க்க முடியாது, டாக்டர் கடிதம் கையில் இருந்தாலும் பிரயோஜனமில்லை. அது தெரியாமல் போட்டேன். ஆனால் போனில் பேச வாய்ப்புக் கேட்கலாம். அந்த அதிகாரியிடம், என் மருந்துப் பட்டியலைப் பரிசோதகர் பார்க்கவேயில்லை என்று மட்டும் சொன்னேன். பரிசோதனையே குறை என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பினார். இரண்டாவது முறை "சில சமயம்" எல்லாம் சொல்லவில்லை. எண்ணிக்கை சொன்னேன்: ஆறு மாதத்தில் பூஜ்யம். சொல்லும்போது காது சுட்டது.

பதில்: கப்பல்படை அக்கா

ஆண்கள் மட்டுமே பேசுகிறீர்களே. பெண்களுக்கும் இது உண்டு. பாலியல் கிளர்ச்சிக் கோளாறு என்று 7632 என்ற குறியீடு, 2018 மே மாதம் சேர்த்தார்கள். அதுவும் 0, அதற்கும் அதே தனிப்படி. எனக்கும் மனச்சோர்வு மாத்திரையால்தான். பரிசோதகர் ஆண் என்றால் பெண் வேண்டும் என்று கேட்கலாம், நான் கேட்டேன். வீட்டில் அம்மாவிடம் "இடுப்பு செக்கப்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பதில்: புதுசு

அண்ணா, ஒரு கம்பெனி போன் பண்ணி, கேஸ் ஜெயித்தால் மாதாமாதம் ஏறும் பணத்தில் ஆறு மாதத்துக்கானதைப் பங்காகக் கொடு என்கிறான். கொடுக்கலாமா? இன்னொன்று, அண்ணி எழுதிய கடிதத்தை மாதிரிக்குப் போட முடியுமா? என் வீட்டில் காட்டினால் அவளும் எழுதுவாள்.

கான்வாய்க்காரன்

கொடுக்காதே தம்பி. முதல் கோரிக்கைக்கு யாரும் கூலி வாங்கக் கூடாது, சட்டமே அதுதான். அங்கீகாரம் பெற்ற சேவை அலுவலரிடம் போ, இலவசம்.

கடிதம் பற்றி அவளைக் கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு வரியைத்தான் ஏற்கெனவே மேலே போட்டுவிட்டேன், அதற்கே முறைத்தாள். உன் வீட்டில் மாதிரி காட்டாதே. வெறும் படிவத்தைக் கொடுத்துவிட்டு நீ வேறு அறைக்குப் போய்விடு.