சோனி எரிக்சன் கே800ஐ கிடைத்திருக்கிறது: இந்த ஃபிளாஷில் அப்படி என்ன இருக்கிறது?

இலைநிழல்:
மாமாவின் இழுப்பறையில் பல வருடம் கிடந்த கே800ஐ இப்போது என் கையில். பேட்டரி உப்பியிருந்தது, அதை எடுத்துவிட்டு வேறு பிஎஸ்டி-33 பேட்டரி போட்டதும் உயிர் வந்துவிட்டது. நேற்று முழுக்க இதோடுதான் இருந்தேன். பின்பக்க மூடியைத் தள்ளினால் லென்ஸ் தெரிகிறது, கூடவே கேமராவும் திறந்துகொள்கிறது. படுக்கவைத்துப் பிடித்தால் ஆள்காட்டி விரல் தானாக ஷட்டர் பொத்தானில் போய் உட்காருகிறது. பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுக்க அழுத்தினால் படம். 2006-ல் வந்த போனில் இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. ராத்திரி குழாயைத் திறந்துவிட்டு ஃபிளாஷ் போட்டு எடுத்தேன், விழுகிற தண்ணீர் தனித்தனி முத்தாக அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. என் இப்போதைய போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் அதே தண்ணீர் வெள்ளைக் கோடாகத்தான் வருகிறது. ஆனால் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் பழைய போனின் படம் முழுக்க ஒரே புள்ளி. 3.2 மெகாபிக்சல்தானே, இது எப்படி? அப்புறம், இதிலிருக்கும் எம்2 மெமரி கார்டைப் படிக்கக் கார்டு ரீடர் என்னிடம் இல்லை, படங்களை எப்படி வெளியே எடுப்பது?

ஒளிப்பெட்டி:
மெகாபிக்சலுக்கும் அந்த முத்துகளுக்கும் சம்பந்தமே இல்லை, அது செனான் ஃபிளாஷின் வேலை. போனுக்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது, அதில் உயர் மின்னழுத்தத்தில் சேமித்த மின்சாரம் மொத்தமும் ஒரே அடியாகச் செனான் வாயு நிரப்பிய சின்னக் குழாயில் பாய்கிறது. வெளிச்சம் இருப்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், ஆனால் அவ்வளவு பலமாக இருக்கிறது. அறை இருட்டாக இருந்தால் சென்சார் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த ஒரு மின்னலை மட்டும்தான், அதனால் துளி நகர நேரமே இல்லை. இப்போதைய போன்களில் இருப்பது எல்இடி. அது டார்ச் மாதிரி தொடர்ந்து எரிகிறது, ஆனால் பலம் குறைவு, போதுமான வெளிச்சம் சேரும்வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும், அதற்குள் தண்ணீர் ஓடிவிடுகிறது.

அப்படியானால் ஏன் எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று கேட்பீர்கள். மின்தேக்கிக்கு இடம் வேண்டும், போன் தடிக்கும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் மறுபடி சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டும். வீடியோவுக்கு உதவாது. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான், ஆனாலும் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. ஓடி விளையாடுகிற குழந்தையை வீட்டுக்குள் படம் பிடிக்க அதற்கு நிகராக ஒன்று இன்னும் வரவில்லை என்றுதான் சொல்வேன்.

ஒன்று மட்டும் கவனம்: ஃபிளாஷ் பக்கம் எதையும் பிரித்துப் பார்க்காதீர்கள். போனை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும், ஷாக் பலமாக அடிக்கும்.

மழைத்தூறல்:
சரி, படங்களை எடுக்கும் வழியை நான் சொல்கிறேன். கார்டைக் கழற்றவே வேண்டாம். போனின் அடியில் சொருகும் பழைய யூஎஸ்பி கேபிள் கிடைத்தால் கணினியில் இணையுங்கள், போன் கேட்கும்போது கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பென் டிரைவ் மாதிரி திறக்கும். கேபிள் இல்லையென்றால் புளூடூத், ஒவ்வொன்றாக அனுப்பப் பொறுமை வேண்டும். முதலில் போனில் தேதியைச் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் படமும் தப்பான தேதியோடு பதிவாகி, பிறகு வரிசைப்படுத்தவே முடியாது.

பெஸ்ட்பிக் பார்த்தீர்களா? பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருந்து முழுக்க அழுத்தினால், அழுத்தும் கணத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சேர்த்து 9 படங்கள் வரும், வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஊஞ்சலில் ஆடுகிறவரை எடுத்துப் பாருங்கள். நான் பழகிய அத்தனை பழைய போன்களிலும் என்னை அதிகம் கவர்ந்தது இதுதான்.

கூழாங்கல்:
நானும் இந்தப் போனை ரசித்தவன்தான், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். வீடியோ 176x144 மட்டும், இன்றைய திரையில் பெரிதாக்கினால் முகமே தெரியாது. ஜூம் டிஜிட்டல் ஜூம், அதைத் தொடவே தொடாதீர்கள், நாலு எட்டு முன்னால் நடப்பது மேல். பகலில் அதே 2006-ல் வந்த நோக்கியா என்73-ம் இதுவும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன, அதிலும் 3.2 மெகாபிக்சல்தான், லென்ஸ் மட்டும் கார்ல் ஸைஸ் நிறுவனத்துடையது. இருட்டியதும்தான் வித்தியாசம், அதில் எல்இடி. செனானும் 5 மெகாபிக்சலும் சேர்ந்து வேண்டுமென்றால் 2007-ல் வந்த என்82-ஐத் தேடுங்கள்.

அச்சுப் போடுவதற்கு இது தாராளம். 2048x1536 என்பது 6x4 அங்குலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கும் மேல் வரும்.

இலைநிழல்:
எல்லோருக்கும் நன்றி. கேபிள் கிடைத்துவிட்டது. தேதியை மாற்றிவிட்டு அக்கா மகளை விளக்கு அணைத்த அறையில் குதிக்கச் சொல்லி எடுத்தேன். பின்னல் மேலே பறக்கிறது, ஒவ்வொரு முடியும் தெரிகிறது, இரண்டு பாதமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அடுத்த படத்துக்கு ஃபிளாஷ் தயாராகிற அந்தச் சில நொடி அவள் மறுபடி குதிக்கத் தயாராக அப்படியே குனிந்து காத்திருந்தாள். 6x4-ல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.