லெகோவில் இரண்டு மணி நேரம், வகுப்பில் இரண்டு நிமிடம்

ரெடிங் புதுவரவு: இங்கிலாந்துக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மகன் வகுப்பில் கவனிப்பதே இல்லை, ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) இருக்கலாம் என்று ஆசிரியை இன்று பள்ளி வாசலில் வைத்துச் சொன்னார். வீட்டில் லெகோவோடு இரண்டு மணி நேரம் தலைநிமிராமல் உட்காருகிறவனுக்கு அது எப்படி இருக்கும்? நாளை மறுநாள் பள்ளியில் சந்திப்பு. எனக்குக் கை கால் ஓடவில்லை.

லெஸ்டர் அண்ணன்: பயப்படாதீர்கள் தங்கச்சி. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். காசு போட்டால்தான் ஹீட்டர் ஓடும்; அந்த மீட்டருக்குக் காசில்லாமல் கோட்டோடு தூங்கினோம். என் மகள் மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை, ஆங்கிலம் பிடிபட்டதும் சரியானாள். பொறுத்துப் பாருங்கள்.

குரோய்டன் அம்மா: பொறுத்துப் பொறுத்தே நாங்கள் இரண்டு ஆண்டுகளை இழந்தோம், அண்ணா. லெகோவைக் காட்டித்தான் என் மாமியாரும் வாதாடினார். பிடித்ததில் மூழ்கிப்போகிற அதே பிள்ளை, ஒரு காலுறையைப் போட்டுக்கொண்டு மற்றதைக் கையில் பிடித்தபடி ஜன்னலையே பார்த்து நிற்பான். கவனம் இல்லாமல் இல்லை, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்ப முடிவதில்லை.

லூட்டன்வாசி: பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்ததில் என் மகனுக்கு மீசையே முளைத்துவிட்டது. வரியை மட்டும் மாதம் தவறாமல் பிடிக்கிறார்கள்.

ஹாரோ அக்கா: பிள்ளையின் வயதை யாருமே கேட்கவில்லையே! இங்கே வகுப்புக்கான வயது ஆகஸ்ட் 31ஐ வைத்துக் கணக்கிடப்படுவதால், ஆகஸ்டில் பிறந்தவன் பக்கத்தில் இருப்பவனைவிட ஏறக்குறைய ஓராண்டு இளையவனாக இருக்கலாம்; வகுப்பின் இளைய பிள்ளைகளுக்கே ஏடிஎச்டி என்ற பெயர் அதிகம் சூட்டப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஆகவே ஊரில் அவன் முன்பு படித்த பள்ளியின் ஆசிரியையிடம் அங்கே எப்படி இருந்தான் என்று இன்றே கேளுங்கள். காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள், தூக்கத்தையும் கவனியுங்கள். சந்திப்புக்குச் சென்கோவும் (கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான பொறுப்பாசிரியர்) வர வேண்டும் என்று சொல்லுங்கள். எந்தப் பாடத்தில், எந்த வேளையில் கவனம் சிதறுகிறது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர், மேற்பரிசோதனைக்கு அனுப்புவார், அவரே முடிவு சொல்லமாட்டார். அந்த முடிவு வரும்வரை பள்ளி உதவி செய்யாமல் இருக்க வேண்டியதில்லை.

ரெடிங் புதுவரவு: மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஆறு வயது, பிறந்தது ஆகஸ்ட் 29. திருச்சி ஆசிரியையின் குரல்பதிவும் இப்போதுதான் வந்தது: "மாதம் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொலைப்பானே, அவன்தானே?"