நுண்கணிதம் நானாகவே படிக்கிறேன், திரிகோணமிதிக்கு ஒரு புத்தகம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். ப்ளஸ் டூவில் வரலாறு குரூப் எடுத்தவன். நாற்பது தாண்டியபின், வெறும் ஆசைக்காக நுண்கணிதம் (கால்குலஸ்) படிக்கிறேன்.

சில்வானஸ் தாம்சன் 1910-இல் எழுதிய 'கால்குலஸ் மேட் ஈஸி'யில் தொடங்கினேன். காப்புரிமை முடிந்த நூல், புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசம். 'டிஎக்ஸ்' என்றால் எக்ஸில் ஒரு துளி, நீண்ட எஸ் போன்ற அந்தத் தொகையீட்டுக் குறி என்றால் துளிகளின் கூட்டல் என்று எடுத்த எடுப்பிலேயே பயத்தைப் போக்கிவிடுகிறார். ஒரு சதுரத்தின் பக்கத்தைத் துளி நீட்டினால் கூடுவது இரண்டு ஓரப் பட்டைகள். மூலையில் வரும் குட்டிச் சதுரத்தை விட்டுவிடலாம். எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு, அதாவது எக்ஸ் மாறும்போது அது மாறும் வீதம், ஏன் 2எக்ஸ் என்பது அந்தப் படத்தில்தான் பிடிபட்டது.

திரிகோணமிதியின் சைன், காஸ் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணிதம் முதல் தொகுதியை இறக்கிப் பார்த்தேன். நல்ல புத்தகம்தான். ஆனால் பயிற்சிகளுக்குப் பின்னால் விடை மட்டுமே இருக்கிறது, வழிமுறை இல்லை. கேட்க வாத்தியார் இல்லாதவனுக்கு அது போதவில்லை.

திரிகோணமிதிக்கும் மடக்கைக்கும் (லாகரிதம்) படிப்படியாகத் தீர்வு தரும் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். தமிழோ எளிய ஆங்கிலமோ, பழைய பதிப்பானாலும் சரி. வீடியோ வேண்டாம்; நைட் ஷிஃப்ட் இடைவேளையில் படிக்கிறேன், உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. 'முதலில் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு வா' என்பதுதான் பதில் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.